மாலை நாலு மணிப் பசிக்கு ஒரு டப்பா சுண்டல்

காலையில் ஓட்ஸ், மதியம் சிறுதானியம், ராத்திரி சப்பாத்தி என்று மூன்று வேளையையும் ஒரே மூச்சில் மாற்றப் புறப்படுகிறவர்கள் பலர் இரண்டாவது வாரமே பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டுச் சாப்பாட்டில் அவ்வளவு பெரிய கோளாறு இருப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு தப்புவது மாலை நாலிலிருந்து ஆறு மணிக்குள்தான். மதியம் சாப்பிட்டது செரித்திருக்கும், வீடு போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும், கீழே டீக்கடையில் பஜ்ஜி பொரிகிற வாசனை மாடிவரை வரும். இந்த ஒரு வேளையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சுண்டலை விடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒருவருக்கு ஐந்து நாளைக்குக் கால் கிலோ கொண்டைக்கடலை போதும். ஊறி வெந்தால் அரை கிலோவுக்கு மேல் வரும். நாளைக்கு முக்கால் கப் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி மூன்று மடங்கு தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் தோல் இன்னும் மிருதுவாகும். வேகவிடாமல் செய்வது புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புகள். அவற்றைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். வெள்ளைக் கடலைக்கு 8 மணி நேரம், கறுப்புக்கு 10 முதல் 12. வெயில் காலத்தில் இரவு முழுக்க வெளியே வைத்தால் நுரை தள்ளிப் புளித்த வாடை வந்துவிடும், அதனால் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது.

எவ்வளவு ஊறவைத்தும் சில வீடுகளில் கடலை கல்லாகவே நிற்கும். ஒன்று, சரக்கு பழசாக இருக்கும். இல்லையென்றால் போர் தண்ணீர்தான் காரணம்: அந்தக் கடினத் தண்ணீரிலுள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடும். கேன் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவையுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், பி வைட்டமினும் அழியும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். வாயுத் தொல்லை கொஞ்சம் குறையும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரையும் தோலும் மேலே ஏறி வெயிட் துளையை அடைத்துக்கொள்ளும். அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். எத்தனை விசில் என்பது குக்கருக்குக் குக்கர் மாறும், அதை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து வெள்ளைக்கு 15 நிமிடம், கறுப்புக்கு 20 முதல் 25. பிரஷர் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் தோல் வெடித்துக் கடலை சிதறிவிடும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் உருவம் கலையக் கூடாது. தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்றால் நாலைந்து மணி நேரம் ஊறினாலே போதும், ஒன்றிரண்டு விசிலில் வெந்துவிடும். பச்சைப்பயறை ஒரு நிமிடம் மறந்தாலும் குழைந்துவிடும், ஃப்ரீசருக்கு அது தோதுப்படாது.

வெந்ததை நன்றாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, அந்தத் தட்டோடு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு டப்பாவில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்கும். ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். ஈரத்தோடு அப்படியே அடைத்தால் மொத்தமும் ஒரே கட்டியாகி, ஒரு கைப்பிடி எடுக்கக் கத்தி தேட வேண்டியிருக்கும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைப்பதென்றால் மூன்று நாள்.

காலையில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஃப்ரீசர் கடலையை அப்படியே போட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் கிளறினால் சரி. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கடலையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். மாலைக்குக் கொண்டுபோகிற சுண்டலில் தேங்காய் வேண்டாம், நாலு மணிக்குள் ஊசிப்போகும். சூடாக டப்பாவை மூடினாலும் அதே கதிதான்: ஆவி தண்ணீராகி உள்ளேயே சொட்டும். முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் உள்ளே வைத்துவிடுங்கள்.

டீ விஷயத்துக்கு வருவோம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சர்க்கரையைக் கணக்குப் பாருங்கள்: ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம். இரண்டு ஸ்பூன் போட்டு நாலு டீ குடித்தால் கிட்டத்தட்ட 40 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. இதில் பிஸ்கட், கூல்டிரிங்க், ஜூஸ் எல்லாம் அடங்கும். நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறிவிட்டேன் என்று ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அவையும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

கடையில் மாஸ்டர் டம்ளரில் சர்க்கரை போடுவதற்கு முன்பே 'அரைச் சர்க்கரை' என்று சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் மெஷினில் அது நடக்காது. பல பிரீமிக்ஸ் பொடிகளில் சர்க்கரையும் கலந்தே வருகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதலிரண்டு பெயர்களில் சர்க்கரை இருந்தால் அந்த மெஷினை விட்டு, கறுப்பு டீ போட்டுக்கொள்ளலாம்.

கோடையில் இரண்டாவது டீக்குப் பதில் நீர்மோர் நன்றாக இருக்கும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு குளிர்ந்த தண்ணீர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத்தை நசுக்கிப் போட்டு வடிகட்டுங்கள். அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு போதும். முதல் நாள் உறையூற்றிய புளிக்காத தயிராக இருக்கட்டும். ஃபிளாஸ்க்கில் ஊற்றுமுன் மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவுங்கள். மதியத்துக்குள் மோர் புளிப்பதற்குப் பல நேரம் அந்த இடுக்கில் தங்கிய பழைய மோர்தான் காரணம்.