வெயில் ஊரில் மினியேச்சர் வண்ணம்: மீண்டும் தொடங்குபவர்களுக்கு

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மினியேச்சர் எனும் சின்னஞ்சிறு பொம்மை உருவங்களுக்கு வண்ணம் தீட்ட உட்காருபவர்கள் முதலில் தேடுவது புதிய உத்திகளைத்தான். கண் வரைவது எப்படி, சாதாரண வண்ணத்திலேயே உலோகப் பளபளப்பைக் காட்டுவது எப்படி என்று காணொளிகளிலேயே பொழுது போய்விடும். பாளையங்கோட்டையில் மறுபடி தூரிகையைக் கையில் எடுத்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: நம் நெல்லைச் சீமையில் முதலில் பிடிபட வேண்டியது தண்ணீர்க் கணக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அக்ரிலிக் வண்ணம் நீர் ஆவியாகித்தான் காய்கிறது. காய்ந்து படலமாகிவிட்டால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பழையபடி கரையாது. சித்திரை வெயிலில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே, தூரிகை உருவத்தைத் தொடும் முன்பே நுனி இறுகத் தொடங்கும். 28 மி.மீ. அளவு வீரனின் முகத்தில் அந்த வண்ணத்தை வைத்தால் இமையும் மூக்கும் மேடாக மூடிப்போகும். ஆகவே பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது என்று இரண்டு மூன்று முறை பூசுங்கள். கரைசலைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரங்களில் வழிந்து ஓடினால் நீர் அதிகம். மயிர்க்கோடுகள் தெரிந்தால் நீர் போதாது. பதம் சரியாக இருந்தாலும், தூரிகையை டிஷ்யூ காகிதத்தில் ஒருமுறை ஒற்றிவிட்டே உருவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த ஒற்றலைத்தான்.

வண்ணம் தட்டிலேயே காயாமலிருக்க ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். மூடியுள்ள தட்டையான டப்பா, அதில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் (baking) காகிதம். மெழுகு பூசிய காகிதம் உதவாது, நீர் அதன் வழியே ஏறாது. வேலை முடிந்து மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவையைத் தொடரலாம்.

தூரிகை விஷயத்தில், நுண்வேலைக்கு மிகச் சிறிய 000 எண்தான் வேண்டும் என்ற எண்ணத்தை நம் ஊரிலாவது விட்டுவிட வேண்டும். அதன் வயிற்றில் வண்ணம் நிற்பதே இல்லை. நிற்கும் கொஞ்சமும் உடனே காய்கிறது. நுனி கூராகச் சேரும் 1 எண் தூரிகை போதும். வண்ணம் உலோகக் கழுத்துக்குள் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் சோப்பில் கழுவி நுனியைக் கூராக்கிப் படுக்க வையுங்கள்.

ஒளி, நிழலைப் படிக்க நமக்குக் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் அந்த வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களுக்கு முன் நின்று பாருங்கள். அங்குள்ள கர்ணன், குறவன் சிலைகளில் தோள், முழங்கால், கன்னமேடு எப்படி வெளிச்சம் வாங்குகின்றன, அக்குளும் ஆடை மடிப்பும் எப்படி இருள்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் வண்ணமில்லை என்பதால் ஒளியின் ஏற்ற இறக்கம் மட்டுமே கண்ணில் படுகிறது. பிறகு, கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) பூசிய உருவத்துக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை வண்ணம் தூவிப் பாருங்கள். எங்கே வெளிர்க்க வேண்டும், எங்கே ஆழ்த்த வேண்டும் என்பதை அந்த உருவமே காட்டும். எனக்கு எந்தக் காணொளியையும்விட இந்தப் பயிற்சிதான் பலன் தந்தது.

புது உருவங்களை வாங்கிக் குவிக்காமல், ஒரே வகை வீரனை மறுபடி மறுபடி தீட்டுங்கள். ஒருமுறை மேலங்கி மடிப்புக்கு மட்டும் கவனம், அடுத்தமுறை முகத்துக்கு. முடித்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி தானாகத் தெரியும்.

ஆடிக் காற்றில் ஸ்ப்ரே பிரைமர் அடிக்காதீர்கள்: துளி காற்றிலேயே காய்ந்து மணல்போல் படியும், போதாக்குறைக்குத் தூசியும் ஒட்டும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமரே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முடித்த உருவத்தின் மேல் பாதுகாப்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே வார்னிஷையும் தள்ளிவையுங்கள். காற்றின் ஈரம் பட்டால் வெண்புகை படிந்து, பார்த்துப் பார்த்துச் செய்த நிழல்கள் மங்கிவிடும்.