சீகையை வெட்டிய பிறகு

நீலகிரி மேல்மலையில் புல்வெளிக் கணக்கெடுப்புக்குச் சேர்ந்த முதல் வாரம், சீகைக் காட்டைப் (சீயக்காய் இல்லை, வாட்டில் என்கிற மரம்) பார்த்து "என்ன பசுமை!" என்று சொல்லிவிட்டேன். கூட வந்த வாட்சர் அண்ணன் சிரிக்கவில்லை. "உள்ள போய் ஒரு கைப்பிடி புல்லு பறிச்சிட்டு வாங்க தம்பி" என்றார். போனேன். சருகும் கறுத்த மண்ணும்தான் இருந்தன.

வேலை இதுதான்: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கும் செடிகளையெல்லாம் எழுத வேண்டும். முக்குருத்திப் பக்கம் நல்ல புல்வெளியில் ஒரு சட்டத்துக்கு அரைமணி நேரம் பிடிக்கும். பூக்காத புல்லை இனம் காண்பதற்குள் கண் பூத்துவிடும். நடுவில் ஒரு குறிஞ்சிக் கன்று, ஈரமான இடமென்றால் பூச்சி பிடிக்கும் ட்ரோசிரா. சீகைக்கு அடியில் அதே சட்டம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆஸ்திரேலிய மரம் இது. தோல் பதனிட அதன் பட்டை வேண்டும், இங்கே சும்மா புல்தானே கிடக்கிறது என்று நட்டார்கள். அந்தச் 'சும்மா புல்'தான் வரையாட்டின் மேய்ச்சல். தோடர்கள் கோயில் கூரை வேய்கிற புல்லும் இந்த மலையில் விளைவதுதான்.

ஒரு சரிவில் சீகையை முழுக்க வெட்டினோம். கிளைகளை அங்கேயே குவித்து எரித்தோம். அது எங்கள் மடத்தனம். சீகை விதை கெட்டித் தோலோடு பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். சூடு பட்டால் தோல் வெடித்து முளைத்துவிடும். அடுத்த மழைக்குப் போனபோது சாம்பல் கிடந்த இடமெல்லாம் நாற்றங்கால். ஒரு சட்டத்தில் நூறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். வெட்டிய அன்று எடுத்த போட்டோக்களை யாரிடமும் காட்டவில்லை.

பிறகு செய்ததெல்லாம் முதுகொடியும் வேலை. மழை விட்டு மண் இளகியிருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள் பிடுங்கினால் வேரோடு வரும். வளரவிட்டால் வராது. பக்கத்துப் புல்வெளியிலிருந்து புல் தூர்களைப் பிரித்து நட்டோம். வருடாவருடம் இதே பாடு. வெட்டுவதற்குக் கிடைத்த பணம், பிடுங்குவதற்குக் கேட்டபோது சுலபமாகக் கிடைக்கவில்லை.

மூன்றாவது வருடம் அதே சரிவில் சட்டத்தைப் போட்டு உட்கார்ந்தேன். சீகை நாற்று அப்போதும் இருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டே இருந்தேன். மேலே மஞ்சு இறங்க ஆரம்பித்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னும் முடியலையா?"