ஒன்பதாம் மாடியில் இடியப்பம்

கொழும்பில், கொம்பனித்தெருவில் இருந்தவரை பெரியம்மாவுக்கு வாசல்தான் கடை. ஐந்தரைக்கு அடுப்பு மூட்டுவார். ஆறரைக்கு ரயிலைப் பிடிக்க ஓடுகிற சனம், பத்து இடியப்பம், ஒரு பைக்குள் சொதி, கொஞ்சம் சம்பல் என்று வாங்கிப் போகும். ஏழரைக்குத் தட்டெல்லாம் கழுவி வெயிலில் காயும்.

நகர அபிவிருத்தி என்று அந்த வீட்டை உடைத்துவிட்டார்கள். இப்போது முகத்துவாரத்தில் ஒன்பதாம் மாடி. வீடு நல்லதுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர், உள்ளேயே கழிவறை, மழைக்கு ஒழுகாது. அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் இடியப்பம் வாங்க ஒன்பது மாடி யார் ஏறி வருவார்?

பழைய வீட்டை உடைக்குமுன் கணக்கெடுக்க வந்த பொடியன், "தொழில்?" என்று கேட்டானாம். "இடியப்பம்" என்றாராம் பெரியம்மா. அவன் எழுதியது: தொழில் இல்லை. அந்த ஒரு கட்டத்தில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது என்று நினைக்கிறேன்.

நகர அபிவிருத்தி, பிராந்தியத் திட்டமிடல், சீர்திருத்தம் என்று பேப்பரில் அடிக்கடி வாசிக்கிறோம். மாறுவது பெரும்பாலும் அமைச்சின் பெயர்தான். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. 2015இல் மாநகரத்துக்கென்றே வந்த அமைச்சுக்கு. கொழும்பை மாநகர சபை துப்புரவாக்கும். நகரத்தின் வரைபடத்தை வேறு யாரோ கீறுவார்கள். 1987இல் வந்த மாகாண சபை இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்கலாம். மேல் மாகாணத்தில் நாங்கள் அதற்குக் கடைசியாக வாக்களித்தது 2014இல். பதவிக்காலம் 2019இல் முடிந்தது, அதன்பின் ஆளுநர்தான். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது, சரி. ஆனால் எங்கள் வட்டார உறுப்பினரிடம் போய் வடிகானைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்கும். எந்தத் தோட்டக் குடியிருப்பு எப்போது உடைபடும், போகிற சனம் எதைக் கொண்டு பிழைக்கும் என்று கேட்டால் அவரும் எங்களைப் போலத்தான் முழிப்பார்.

என்னைக் கேட்டால் வரைபடத்துக்கு முன் வேண்டியது ஒரு கொப்பி: விடியற்காலையில் எந்த வாசலில் என்ன விற்கிறது என்று எழுத. கீழ்த்தளத்தில் நாலு அடி அகலத்தில் ஒரு தட்டு போதும் பெரியம்மாவுக்கு. அப்படி ஒரு இடத்தை அவர் கேட்டாராம், வாகனம் நிறுத்துமிடம் என்றார்களாம். அந்தக் கட்டடத்தில் நான் எண்ணியது மூன்று கார்.

இப்போது பேத்தி வாட்ஸப்பில் ஓடர் எடுக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது இடியப்பம் போகும். லிஃப்ட் நின்றால் அதுவும் இல்லை.

புறப்படும்போது இருபது கட்டித் தந்தார். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கொம்பனித்தெருவில் என்னிடம் ஒரு நாளும் வாங்கியதில்லை.