குச்சி விழுந்த அன்று

சீசன் நேரத்தில் எங்கள் ஹோட்டல் மராமத்துப் பிரிவுக்கு வரும் முறைப்பாடுகள் எல்லாம் ஒரே ரகம்தான். சுடுதண்ணி வரவில்லை, ஜன்னல் பூட்டவில்லை, கட்டில் முனகுகிறது. அந்த ஏப்ரல் காலையில் மட்டும் பொடியன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணே, பெரிய வயலின் ஒண்ணு வெடிச்சிருச்சாம். வெள்ளைக்காரர் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

அது வயலின் இல்லை, டபுள் பேஸ். என்னைவிட உயரம். நுவரெலியாக் குளிருக்குப் பயந்து யாரோ நல்லெண்ணத்தில் இரவு முழுக்க அதைக் கணப்படுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பனியிலும் மழையிலும் ஈரம் குடித்த மரத்தை ஒரே ராத்திரியில் காய வைத்தால் என்ன ஆகும் என்று தச்சனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளைக்காரர் விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டிக் காட்டினார். டொக், டொக், டொக் என்று வந்த சத்தம் கீழே ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் சளசளத்தது. முன்பலகை விலாவை விட்டுப் பிரிந்திருந்தது.

வெள்ளைப் பசையை எடுத்தேன். என் கையைப் பிடித்துவிட்டார். இதற்கு மிருகத் தோலில் காய்ச்சிய பசைதான் வேண்டுமாம். நாளை பழுது வந்தால் மரத்துக்குச் சேதமில்லாமல் திறக்க முடிய வேண்டுமே. அட, நம்ம வச்சிரம்! தோட்டத்தில் தச்சராக இருந்த அப்பா விட்டுப்போன வச்சிரம் ஒரு பால்மா டின்னில் கல்மாதிரிக் கிடந்தது. தண்ணீரில் ஊறவைத்து, டின்னுக்குள் டின் வைத்து, கொதிக்கவிடாமல் இளக்கினேன். அந்த வாடை எழுந்ததும் எனக்கு வயது பத்தாகிவிட்டது.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. அவர் சாப்பிடப் போன நேரம், பிரிந்த இடத்தைச் சேர்க்க வசதியாக இருக்கட்டும் என்று தந்திகளை இறுக்கும் நான்கு முறுக்காணிகளையும் தளர்த்திவிட்டேன். தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டை, குதிரை என்பார்கள், அது சாய்ந்தது. உள்ளே ஏதோ விழுந்து உருண்டது.

முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு உருளைக் குச்சி நிற்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை. தந்திகள் அழுத்துவதால்தான் நிற்கிறது. இத்தாலியர்கள் அதை 'ஆன்மா' என்பார்களாம். முப்பது வருடம் மூட்டு வேலை செய்த எனக்கு, ஒட்டாமல் நிற்பதையே நம்பி ஒரு கருவி செய்வார்கள் என்று தோன்றவேயில்லை. திரும்பி வந்தவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிரவு கிளாம்ப் போட்டு வைத்தோம். மறுநாள் குடைக்கம்பியைத் தட்டி வளைத்துக் கொடுத்தேன். அதில் குச்சியைக் குத்தி, பலகையில் உள்ள ஓட்டை வழியாக நுழைத்து, மெல்லிய தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்த மூன்று மணி நேரம் பிடித்தது. நிற்கும், சாயும், விழும். நின்ற பிறகும் ஒரு மில்லிமீற்றர் தள்ளி வில்லைப் போட்டுப் பார்ப்பார், குரலே மாறும்.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் பொட்டெசினியைப் பற்றிச் சொன்னார். 1821இல் இத்தாலியில் பிறந்தவர். மிலான் இசைக் கல்லூரியில் உதவித்தொகைக்கு இடம் மிஞ்சியிருந்தது இரண்டே வாத்தியங்களுக்கு: பஸூன் என்ற ஊதுகுழலும் டபுள் பேஸும். பையன் சில வாரத்தில் பேஸைப் பழகி இடம் பிடித்தான். பின்னாளில் மூன்று தந்தி பேஸை வைத்துக்கொண்டே ஐரோப்பாவைக் கிறங்கடித்தார். 1871இல் கெய்ரோவில் வெர்டியின் 'அயிடா' இசைநாடகம் முதன்முதல் மேடையேறியபோது நடத்தியவரும் அவரே.

தனிக் கச்சேரி என்றால் தந்திகளை ஒரு முழுச் சுரம் ஏற்றிக் கட்டுவார்களாம். அதற்கென்றே வேறு தந்திகள். என் ஒட்டு தாங்குமா என்பது மட்டும்தான் என் கவலை. டேப்பால் அளந்தும் பார்த்தேன்: மேல்நுனியிலிருந்து குதிரை வரை தந்தி 105 சென்ரிமீற்றர். வயலினில் அது 33கூட வராது.

சாயங்காலம் கதவோரம் நின்றேன். முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் 'யானை'. வேறு இருவர் தேவதைகளுக்கென்று எழுதிய மெட்டுகளை இந்தப் பெருத்த உடம்பில் வாசிக்க வைத்த கேலி அது. சனம் சிரித்தது. நான் சளசளப்பு வருகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தது பொட்டெசினியின் 'எலிஜி', அதாவது இரங்கற்பாட்டு. அவர் கருவியின் மேல் கவிழ்ந்து, கட்டைவிரலைத் தந்தியின் மேலேயே வைத்து, விரற்பலகையின் கீழ்க்கோடி வரை கையை இறக்கினார். நான் இடி மாதிரி எதையோ எதிர்பார்த்திருக்க, ஆம்பிளை ஒருவர் தொண்டை அடைத்துக்கொண்டு பாடுவதுபோல ஒரு குரல் வந்தது. அப்பா இழவு வீட்டில் பாடும்போது அப்படித்தான் இருக்கும்.

காலையில் வேனில் ஏற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, தட்டிப் பார்க்கச் சொன்னார். முட்டியால் சுற்றிவரத் தட்டினேன். டொக், டொக், டொக். ஒட்டிய இடம் எது என்று எனக்கே பிடிபடவில்லை.