ஆடிக் காற்றில் எங்கள் அம்மி

2025 ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த என் கணவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "கோயம்புத்தூர். ஜூலை 1 அன்று பொறுப்பேற்க வேண்டும்."

சென்னை நங்கநல்லூரில் பதினோரு வருடமாக ஒரே வீடு. அத்தை ஒன்றும் பேசவில்லை. நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஜூலை 17 வந்ததும் விரல் நின்றது. ஆடி 1.

"அதற்குள் போய்விட வேண்டும். இல்லையென்றால் ஆவணிதான்."

மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதனால் பள்ளிக்கூடக் கணக்கு எங்களுக்கு இல்லை. பஞ்சாங்கக் கணக்கு மட்டும்தான்.

ஜூன் 12, வியாழன்

மூன்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்களுக்குப் பேசினேன். முதல் இரண்டு இடங்களில் விலை மட்டும் கிடைத்தது. மூன்றாமவர் பேச்சுத் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போல, தொழிலையே விளக்கினார்.

மே கடைசி வாரத்திலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லையாம். ஜூன் 2 பள்ளிகள் திறப்பு. அதற்குள் பிள்ளைகளோடு ஊர் மாறுகிற குடும்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வண்டி கேட்கின்றன. அது ஓய்ந்தால் ஒவ்வொரு மாதக் கடைசி. வாடகை ஒன்றாம் தேதிக் கணக்கு என்பதால் பாதிச் சென்னை 30ஆம் தேதி காலி செய்து 1ஆம் தேதி குடியேறுகிறது. அதில் ஞாயிறும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பிறகு ஆடிக்கு முந்தைய வாரம். கடைசியாக ஆவணியின் முதல் முகூர்த்தங்கள்.

"அப்படியென்றால் சும்மா இருப்பது எப்போது?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ஆடியில்தான் அம்மா. பையன்கள் ஊருக்குப் போய்த் திருவிழா பார்த்துவிட்டு வருவார்கள்."

பதினேழு அடி லாரி, எங்கள் சாமான் மட்டும், பேக்கிங்கும் சேர்த்து அவர் சொன்ன விலை: ஜூலை 13 ஞாயிறு என்றால் 39,000. ஜூலை 31 என்றால் 41,000. ஜூலை 23 புதன் என்றால் 29,000. வீடு அதே வீடு, தூரம் அதே ஐந்நூறு கிலோமீட்டர், கட்டில் அதே கட்டில். ஆவணிக்கு இப்போதே விலை சொல்ல முடியாது என்றார்.

இன்னொரு குடும்பத்தின் சாமானோடு சேர்த்து அனுப்பினால் இன்னும் குறையுமாம். ஆனால் அந்தக் குடும்பம் கிடைக்கும்வரை நம் பெட்டிகள் அவர்கள் கிடங்கில் காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்தது. எங்கள் வீட்டில் வாக்குவாதமும் பிறந்தது.

அத்தையிடம் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தைச் சொன்னேன். "பணத்தைப் பார்த்தால் நாளைப் பார்க்க முடியாது" என்றார். இவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வழி சொன்னது எதிர்வீட்டுப் பாட்டி. ஆனியிலேயே போய்ப் பால் காய்ச்சி, ஓர் இரவு தங்கிவிட்டு வந்துவிட்டால் குடியேறியது ஆனியில்தானே? சாமான் எப்போது வந்தால் என்ன?

அத்தை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனியில் கிரகப்பிரவேசம் செய்ய மாட்டார்களே என்று தானே ஆட்சேபம் எழுப்பி, அது சொந்த வீட்டுக்குத்தான், வாடகை வீட்டுக்கு இல்லை என்று தானே தீர்ப்பும் சொன்னார். வழக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது.

கணக்கைப் பொய்யில்லாமல் எழுதிவைக்கிறேன். ஜூலை மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை. கோயம்புத்தூர் வடவள்ளி வீட்டுக்கு 16,000. ஆக லாரியில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போகிறது. ஆனால் மூன்று வாரம் இவர் லாட்ஜில் தங்கினால் அதற்கும் மேலே ஆகியிருக்கும். லாபம் என்று மார்தட்ட முடியாது, நஷ்டமும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

சாமான் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான். அலமாரிகளைத் திறந்து பார்த்தான், பரணில் டார்ச் அடித்தான். வெட் கிரைண்டரைப் பார்த்ததும், "கோயம்புத்தூருக்கே கிரைண்டரா அக்கா?" என்றான். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர்தான் இதுவும். பிறந்த வீட்டுக்குப் போகிறது, போகட்டும்.

கொல்லையில் இருந்த அம்மியை அவன் எழுதவில்லை. அத்தை கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போய்க் காட்டினார். குழவியோடு சேர்த்து எழுதிக்கொண்டான்.

நேரில் பார்த்தபின் விலை மாறவில்லை. ஆனால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பது அப்போதுதான் வாயிலிருந்து வந்தது. ஜூலை 23க்குச் சொன்ன 29,000, வரியோடு 34,220. தொலைபேசியில் விலை கேட்கும்போதே வரியோடு சேர்த்துக் கேட்காதது என் தவறு. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு, சரக்கு அனுப்பும்போது எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டியதில்லை, பொருள் பட்டியல் ஓட்டுநர் கையில் இருந்தால் போதும் என்றான்.

முன்பணம் மூவாயிரம். மூன்று நாள் முன்புவரை தேதியை இலவசமாக மாற்றலாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கினேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இதற்குமேல் முன்கூட்டிச் சொல்லியும் பயனில்லை. எந்த வண்டி வரும் என்பது முந்தின நாள்தான் அவர்களுக்கே தெரியுமாம்.

ஜூலை 2, புதன், வடவள்ளி

சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். எமகண்டம் 9 மணிக்கு முடிந்ததும் 9.15க்குப் பால். உப்பு, மஞ்சள், பருப்பு, குத்துவிளக்கு, நிறைகுடம் எல்லாம் தயார். நான் கொண்டுவந்திருந்த இண்டக்ஷன் அடுப்பைப் பார்த்து அத்தை கேட்டார்: "தீயே தெரியாமல் பொங்கினால் அது கணக்கில் சேருமா?"

பக்கத்து வீட்டுப் பெண் காதில் விழுந்திருக்க வேண்டும். சின்ன சிலிண்டர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெயர்கூடத் தெரியாது அப்போது. பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. அத்தை முகத்திலும்.

இரவு வெறுந்தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தோம். மேற்கே மலையிலிருந்து காற்று ஜன்னலை அறைந்துகொண்டே இருந்தது. ஆடி வரவில்லை, காற்று மட்டும் முன்பதிவு செய்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

ஆடிக்கு முந்தைய கடைசி ஞாயிறு. எங்கள் நங்கநல்லூர் தெருவில் மட்டும் இரண்டு லாரிகள். ஒன்று வெளியே வர முடியாமல், இன்னொன்று உள்ளே போக முடியாமல். நடுவில் ஒரு பீரோ வெயிலில் தனியாக நின்றது. சாமான் தூக்கிய ஆட்களுக்கு இது அன்றைய இரண்டாவது வீடாம். மூன்றாவது வீட்டுக்காரர் போனில் கத்துவது எனக்கே கேட்டது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். கொஞ்சம் அற்ப சந்தோஷம்தான்.

ஜூலை 22, செவ்வாய்

கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கியாயிற்று. ஃப்ரிட்ஜை நேற்று இரவே அணைத்துவிட்டேன். வாஷிங் மெஷினின் டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுகள், வாங்கிய அன்று கழற்றியவை, கொலு பொம்மைப் பெட்டியில் கிடைத்தன. ஏன் அங்கே என்று கேட்கக் கூடாது.

ஜூலை 23, புதன்

நான்கு பேர் வந்தார்கள். அவசரமே இல்லை. மூத்தவர் ஒவ்வொரு தட்டுக்கும் காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தினார். படுக்க வைத்தால் மேலே இருப்பதன் பாரமெல்லாம் அடித்தட்டின் தலையில் இறங்கும் என்றார். ஒரு பெட்டி முடிந்ததும் அதைத் தூக்கிக் காதருகே லேசாக ஆட்டிப் பார்த்தார். சத்தம் வந்தால் பிரித்து மறுபடியும் காகிதம் திணித்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வீட்டில் இதைச் செய்திருப்பாரா? சந்தேகம்.

மாலை ஆறரைக்கு லாரி கிளம்பியது. அப்போதுதான் அத்தை நாள்காட்டியில் நாளைய தாளைக் காட்டினார். ஆடி அமாவாசை.

ஆடி 1ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பின்னால் யாரும் தாளைப் புரட்டவில்லை, அத்தை உட்பட. "நிறைந்த அமாவாசை, நல்லதுதான்" என்றார் அத்தை. நல்லதுதான். ஆனால் மாமாவுக்குத் தர்ப்பணம் செய்ய இவர் விடியற்காலையே பேரூர் நொய்யல் கரைக்குப் போய்விடுவார். வீட்டுச் சாவி இவரிடம்.

ஜூலை 24, வியாழன்

லாரி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. பேரூரில் கூட்டம், இவர் போனை எடுக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நானும், அத்தையும், ஓட்டுநரும், இரண்டு ஆட்களும், ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானும். பக்கத்து வீட்டுப் பெண்தான் மறுபடியும். எல்லோருக்கும் டீ கொடுத்தார். ஆட்களுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் காத்திருப்புக் கட்டணம் கேட்கவில்லை. மாதக் கடைசியாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

பத்தேமுக்காலுக்கு இவர் நெற்றியில் விபூதியோடு வந்து சேர்ந்தார். விரதச் சமையலுக்குப் பாத்திரப் பெட்டியைத்தான் முதலில் இறக்கச் சொன்னேன். அம்மி கடைசியில் இறங்கியது. கல்லைப் பின்வாசலில் வைத்தாயிற்று, குழவியைக் காணோம். லாரியின் மூலை முடுக்கெல்லாம் தேடினோம். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, "ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், குழவி எம்மாத்திரம்" என்று முணுமுணுத்தார்.

சாயங்காலம் தலையணைப் பெட்டியைப் பிரித்தேன். இரண்டு தலையணைகளுக்கு நடுவில், நான்கு சுற்று பபிள் ராப்பில், மேலே பெரிய எழுத்தில் "உடையும் பொருள்" என்று எழுதி ஒட்டிய குழவி.