எத்தனை பேர் சேர்ந்தால் படை?

"போலீஸ் கொடுத்ததைத்தாம்மா போட்டிருக்கோம்" என்றேன். அது பொய். போலீஸ் கொடுத்த குறிப்பில் 'எதிரிகள்' என்றுதான் இருந்தது. ஸ்டேஷன் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும் எதிரிதான். எதிரி 1, எதிரி 2 என்று வரிசையாக வருவார்கள். 'கூலிப்படை' எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் முளைத்த சொல். சரியாகச் சொன்னால், முந்தின நாள் இரவு பதினொன்றரை மணிக்கு என் கீபோர்டில் முளைத்தது.

கேட்டு வந்தவர், அந்தச் செய்தியில் கைதானவர்களில் ஒருவனின் அக்கா. பேப்பரை மடித்து, செய்தி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி, பாஸ்புக் வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குப் பழக்கம் உண்டு. இவர் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "படைனு போட்டிருக்கீங்களே சார், எத்தனை பேர் சேர்ந்தா படை?" அப்புறம், "கூலினு போட்டிருக்கீங்க, எவ்வளவுனு போடலையே."

தம்பி பைக் ஓட்டிக்கொண்டு போனானாம், அவ்வளவுதானாம். வண்டிக்கு ரெண்டு மாத டியூ கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அதையும் கட்டவில்லையாம்.

இந்த இடத்தில்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கவரை மூடினார். போலீஸே சொல்லிவிட்டது என்றால் அதற்கு மேல் பத்திரிகைக்காரனிடம் என்ன கேட்பது?

முந்தின இரவு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நிலத் தகராறு, ஒருவருக்கு வெட்டு, ஆள் பிழைத்துக்கொண்டார், ஐந்து பேர் கைது. என் முதல் தலைப்பில் 'அடியாட்கள் 5 பேர் கைது' என்றுதான் இருந்தது. செய்தி ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். "யாரோட அடியாள்?" என்றார். நிருபரின் காப்பியில் பெயர் இருந்தது, எஃப்.ஐ.ஆரில் இல்லை. "அப்ப அடியாள்னு போடாதப்பா. அடியாள்னா யாரு அடியாள்னு அடுத்த வரியில சொல்லியாகணும். கூலிப்படைனு போடு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆரில் இல்லாத பெயரை அச்சில் ஏற்றினால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும். அவதூறு வழக்கில் ஒரு பதிப்பாளர் கோர்ட்டுக்கு அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பெயரை விடுவது ஒன்று, பெயர் விடுபட்டதே தெரியாதபடி ஒரு சொல்லைத் தேடிப் போடுவது இன்னொன்று. அன்றைக்கு இரண்டாவதைச் செய்தோம். செய்தேன்.

சொல் விஷயத்தில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. கையாள், கைத்தடி, கைக்கூலி, அல்லக்கை என்று எல்லாவற்றிலும் ஒரு கை இருக்கிறது. கை என்று வந்தால் உடம்பு எங்கே என்று கேட்கத் தோன்றும். (கைக்கூலி என்றால் மலையாளத்தில் இன்றைக்கும் லஞ்சம்தான். நமக்கு அது பணத்திலிருந்து பணம் வாங்கின ஆளுக்கு நகர்ந்துவிட்டது.) அடியாளும் அப்படித்தான். வேதாகமத்தில் அன்னாள் கடவுளிடம் தன்னை 'உம்முடைய அடியாள்' என்கிறாள். அங்கே அடி என்றால் பாதம். நம் தெருவில் அடி என்றால் உதை. எந்த அடியாக இருந்தாலும் 'யாருடைய' என்ற கேள்வி கூடவே வரும். கூலிப்படை, ரவுடி, குண்டர் ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1982-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே கள்ளச்சாராயக்காரர்களோடு குண்டர்களும் உண்டு. இன்று 'குண்டாஸ்ல போட்டாங்க' என்றால் போதும், யாருக்காக எதைச் செய்தான் என்பதெல்லாம் கழன்றுவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வேற்றுமை படித்தபோது ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று இரண்டு சொல்லிக் கொடுத்தார்கள். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால், கரிகாலன் கல் சுமந்தான் என்று யாரும் நினைப்பதில்லை. ஏவினான், அதனால் அது அவன் கட்டிய அணை. கல் சுமந்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அரிவாள் வெட்டு என்று வந்தால் எங்கள் டெஸ்க்கில் இந்த இலக்கணம் தலைகீழாகிறது. செய்தவனுக்குப் பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு எல்லாம் உண்டு. ஏவினவனுக்கு ஒன்றும் கிடையாது. சட்டம் இதில் எங்களைவிட நேர்மையானது. தூண்டிவிட்ட குற்றம் நடந்துவிட்டால், தூண்டியவனுக்கும் அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நியாய சன்ஹிதாவில் அதுவே 49-ஆவது பிரிவு.

இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் சொல் தப்பா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. ரெண்டு மாத டியூ கூலி இல்லாமல் வேறென்ன? கட்டவில்லை என்பதால் அது கூலி இல்லை என்று ஆகிவிடுமா? வெட்டுப்பட்டவருக்கும் ஒரு அக்கா இருந்திருப்பார், அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எங்களிடம் வரவில்லை. பைக் ஓட்டினவன் இல்லாமல் அரிவாள் அந்த இடத்துக்குப் போயிருக்காது. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. அம்பு மாதத் தவணையில் பைக் வாங்குவதில்லை, ஏறிப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுமில்லை. அவன் யோசித்திருக்கலாம்.

அப்படியானால் அந்த அக்காவிடம் இதையே சொல்லியிருக்கலாமே. 'ஆமாம்மா, நான்தான் போட்டேன், கூலி பேசினதால போட்டேன்' என்று. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அழுதிருப்பார், அல்லது திட்டியிருப்பார். சொல் சரி என்று நம்பியிருந்தால் ஏன் போலீஸ் பின்னால் போய் ஒளிந்தேன் என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது, "உங்க எடிட்டர் சொன்னார், நீ செஞ்ச, நீயும் அந்தப் பையன் மாதிரிதான்" என்று ஒரே போடாகப் போட்டாள் மனைவி. அதை நான் ஏற்கவில்லை. ஒரு தலைப்பும் ஒரு அரிவாளும் ஒன்றாகிவிடாது. நான் சம்பளம் வாங்குகிறேன், கூலி இல்லை என்றுகூடச் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது நன்றாக இல்லை.

சில மாதம் கழித்து, பணம் தருவதாகச் சொன்னவரையும் வழக்கில் சேர்த்தார்கள். எதிரி 6. அந்த நாலு வரிச் செய்தியும் என்னிடம்தான் வந்தது. 'ரியல் எஸ்டேட் அதிபர் மீதும் வழக்கு' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். அதிபர்! ஒரு ஆபீஸும் ரெண்டு கம்ப்யூட்டரும் வைத்திருந்தவர். கை தானாக அடித்துவிட்டது. மறுநாள் பேப்பரைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. அந்த அக்கா அதையும் படித்தாரா, அதையும் அந்தக் கவருக்குள் வைத்தாரா என்று தெரியாது. அவர் திரும்பி வரவில்லை.

போன மாதம் பயிற்சிக்கு வந்திருக்கிற பெண் ஒரு காப்பியைக் காட்டினாள். 'கூலிப்படை' என்றிருந்தது. அடித்துவிட்டு, "ஐந்து பேர்னு மட்டும் போடும்மா" என்றேன்.

"ஏன் சார்? போலீஸ் நோட்லயே இருக்கே."

"எங்கே, காட்டு."

போனில் எடுத்துக் காட்டினாள். இரண்டாவது வரியில் இருந்தது. பேஜ் முடிக்க ஆறு நிமிடம் இருந்தது. அடித்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த காப்பியை எடுத்தேன்.