கேனில் இருந்த குளிர்காலம்

அப்போது எனக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு சின்ன விமானத் திடலில் வேலை. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இரண்டு பேர் உட்காரும் விமானத்தைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்ஜின், சுபாரு காரிலிருந்து கழற்றிய 2.2 லிட்டர் இஜே22. எரிபொருள் குழாய்களும் பம்ப்பும் என் பொறுப்பு.

விமானத்துக்கு விமானப் பெட்ரோல்தான் என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர் தலையாட்டி மறுத்தார். நீல நிறத்தில் வரும் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல், பேரில்தான் 'குறைந்த ஈயம்', லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம் வரை இருக்கலாம். காரின் ஆக்சிஜன் சென்சாரை அது கெடுத்துவிடும், பிளக்கிலும் ஆயிலிலும் படியும். இந்த என்ஜினோ பங்க்கில் விற்கும் 87 ஆக்டேன் பெட்ரோலுக்கே பிறந்தது; ஆக்டேன் என்பது பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு. கூடுதல் ஆக்டேனால் ஒரு குதிரைச் சக்தியும் கூடாது.

எத்தனால் கலந்தது மட்டும் வேண்டாம் என்றார். இறக்கைக்குள் இருந்தது ஃபைபர் கிளாஸ் டேங்க். அதன் பிசினை எத்தனால் இளக்கிவிடலாம். அளவுக்குழாயில் கொஞ்சம் தண்ணீர், மேலே பெட்ரோல், குலுக்கி வைத்தால் தண்ணீர்க் கோடு ஏறக்கூடாது; எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து கோட்டை ஏற்றிவிடும். மார்ச்சில் வாங்கிய ஒவ்வொரு கேனையும் அப்படிச் சோதித்தோம். ஏறவேயில்லை. அத்தோடு பெட்ரோல் விவகாரம் முடிந்ததாக நினைத்தோம்.

மே மாதம், முதல் சுள்ளென்ற வெயில். தரையில் பத்து நிமிடம் ஓடவிட்டு முழு த்ராட்டில் கொடுத்ததும் பிரஷர் முள் நடுங்கியது, பம்ப் கீச்சிட்டது, என்ஜின் இருமி நின்றது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். பிளக் மாற்றினேன், இன்ஜெக்டரைச் சந்தேகித்தேன். ஒரு மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. அதுதான் எரிச்சல்.

மறுபடி நின்றபோது பம்ப்பைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. குளிரில் வண்டி கிளம்புவதற்காகக் குளிர்காலப் பெட்ரோலில் பியூட்டேனைக் கூட்டுவார்கள், சீக்கிரம் ஆவியாகும். எங்கள் மார்ச் பெட்ரோல் அந்த வகைதான். காரில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து தள்ளும். நானோ அதை என்ஜின் அறைச் சுவரில், டேங்கைவிட உயரத்தில் மாட்டியிருந்தேன். சூட்டில் இருந்துகொண்டு அது உறிஞ்ச, அழுத்தம் குறைந்த குழாயிலேயே பெட்ரோல் கொதித்துவிட்டது. ஆக்டேனைப் பற்றி அத்தனை மாலை பேசியவர்களில் ஒருவர்கூட, பெட்ரோல் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்று காட்டும் ஆவி அழுத்தத்தைக் கேட்கவில்லை.

பம்ப்பை இறக்கையடியில், டேங்குக்குக் கீழே இறக்கினேன். மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்கே திரும்ப ஒரு குழாய் போட்டேன். மார்ச் பெட்ரோல் முழுவதும் பெரியவரின் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போனது. அதன்பிறகு கேன்களில் அவர் வாங்கிய மாதத்தைச் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார்.